பதினாறு கை

எந்த இனம் நல்லது என்று கேட்பவர்களிடம்
எதற்கு என்று கேட்பேன்.
பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பந்தயம் என்றால் தோரோபிரெட்.
தொடையெல்லாம் அவசரம், தோல் மெல்லிசு.
ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும்,
பினாங்குப் பாலத்தில்தான் போய் நிற்கும்.
நாள் முழுக்க ஒரே சீராய்ப் போக வேண்டுமா, அரபு.
ஆனால் உங்களைப் பற்றி அதற்கோர் அபிப்பிராயம் இருக்கும்,
வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வரும்.
இசைக்கு அடியெடுத்து வைக்கவும் வேலி தாண்டவும்
வார்ம்பிளட். அதன் தீவனச் செலவில்
ஒரு மைவி காருக்குத் தவணை கட்டலாம்.
சின்னப் பிள்ளைகளுக்குச் சபாவின் பஜாவ் மட்டக்குதிரை;
பிள்ளை விழுந்தால்
நின்று புல் மேயும்.

லோகாம்பிகை பத்து பெரிங்கி மணலில்
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்.
வங்கியில் முப்பத்திரண்டு வருடம்.
முன்னே பின்னே குதிரை ஏறியதில்லை.
எதற்கு என்றேன்.
"உட்கார."
உட்கார்ந்து?
"பார்க்க."

வீடு வாங்கும்போது வடக்கே கடல் என்றார்களாம்.
கடலுக்கென்றே விலையில் முப்பதாயிரம் ரிங்கிட் கூட.
போன வருடம் பக்கத்து ஓட்டல்காரன்
மதில் எழுப்பிவிட்டான், எட்டடி.
"கட்டின காசுக்குப் பொருள் இருக்கா இல்லையான்னு
அப்பப்ப பார்க்க வேணாமா?"

ஏணி போதாதா என்றேன்.

"ஏணியில ஏறினா திருடி மாதிரி இருக்கும் தம்பி.
குதிரையில போனா
மதில்தான் குறுக்கே நிக்கிற மாதிரி இருக்கும்."

குதிரையைக் கையால் அளப்பது வழக்கம்.
நாலு அங்குலம் ஒரு கை, தரையிலிருந்து தோள்முகடு வரை.
அன்று மத்தியானம் நானும் ஸுல்கிஃப்லியும்
மதிலைக் கை கையாக அளந்தோம்: இருபத்து நாலு.
நேப்பாளத்துக் காவலாளி வந்து பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் போனான்.
அப்புறம் லோகாம்பிகையை நாற்காலியில் உட்காரவைத்து
நாற்காலிப் பலகையிலிருந்து கண்வரை: ஏழு.
பஜாவ் கணக்கிலேயே வராது.
அரபு பதினைந்து, அதுவும் முறைத்துக்கொண்டு.
பதினேழு கை வார்ம்பிளட் ஒன்று ஈப்போவில் விலைக்கு இருந்தது.
விலையைக் கேட்டவர்
"அதுக்குக் கடலையே வாங்கிடலாமே" என்றார்.

மிச்சம் இருந்தது தண்டர் பாய். பதினாறு கை.
தோரோபிரெட்தான், காகிதத்தில்.
பதினோரு பந்தயம். கதவு திறந்ததும்
மற்றதெல்லாம் பறக்கும்;
இது, கதவு திறந்த விதத்தை யோசித்துக்கொண்டிருக்கும்.
அதன்மேல் பணம் கட்டித் தோற்ற நாலைந்து பேரில்
நானும் ஒருவன் என்பதை
ஸுல்கிஃப்லியிடம் இதுவரை சொன்னதில்லை.

ஓடப் பழக்கலாம் குதிரையை,
தாண்டப் பழக்கலாம், காலை மாற்றி மாற்றி ஆடவும் பழக்கலாம்.
நிற்பதற்கு மட்டும்
அது தானாகச் சம்மதிக்க வேண்டும்.

மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினோம்.
பெட்டிமேல் பெட்டி வைத்து ஏற்றினோம்.
தெரியுதா என்றேன் கீழேயிருந்து.
"ஒரு கை குறையுது."
குறையும் என்று எனக்குத் தெரியும்.
மிதியை ஊன்றி எழுந்திருங்க என்றேன்.

பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றி
முழங்கால் நடுங்க
ஐம்பத்தெட்டு வயது எழுந்து நின்றது.
தண்டர் பாய் அசையவில்லை.
ஈக்காக ஒரு காதை மட்டும் திருப்பியது,
பிறகு நிதானமாகச் சாணி போட்டது.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம்
மதிலும், அதில் ஈரம் ஏறிய ஒரு திட்டும்.

நேரம் போயிற்று.
"இருக்கு" என்றார்,
கணக்கைச் சரிபார்த்து முடித்த குரலில்.

உட்காரவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."