டி நிலை

இரவு ஒன்று நாற்பது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரி,
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் சர்வர் அறை.
ஒரு ஏசி வேலை செய்கிறது, மற்றது சொட்டுகிறது.
கீழே வாளி.

பேரின்பராசா அண்ணன் கதவில் நின்று சொல்கிறார்:
"படம் எடுத்தாச்சு தங்கச்சி, போகுதில்ல.
ஆரையம்பதிப் பிள்ளை, நாலு வயசு,
அஞ்சு ரூபாக் குத்தி தொண்டையில."

திரையில் ஒரே வரி, திரும்பத் திரும்ப:
சேவையகம் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறது.
இந்தக் கேர்னலைப் போல் ஒரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை.
வாவிக்கு அப்பால் கல்லடியில் இருக்கும் வட்டு
என்றைக்காவது பதில் சொல்லும் என்று
உலகம் முடியும்வரை நிற்கும்.
அப்படி நிற்கச் சொல்லி ஏற்பாடு செய்ததும் நான்தான்.
விட்டுக்கொடுத்தால் படம் பாதியாய் எழுதப்படும்,
பாதி என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலை எடுத்தேன். எல்லாம் டி.
ஓடவில்லை. எழுப்ப முடியவில்லை. சாகவுமில்லை.
ஒன்பதாம் சமிக்ஞை அனுப்பினேன், கொல்வது அதுதான்.
அசையவில்லை.
இன்னொன்று. பிறகு பெயர் பார்க்காமல்
இருபது முப்பதுக்கு, வரிசையாக,
லிப்ட் வரவில்லையென்று பொத்தானைக் குத்துகிறவளைப் போல.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்யவேண்டியதைச் செய்தேன்.
அடுக்குகளைக் கொட்டச் சொல்லி அடியிலிருந்து வாசித்தேன்.
இது ஒரு பூட்டுக்காக நிற்கிறது.
பூட்டை வைத்திருப்பது ஒரு பக்கம் எழுதி முடியக் காத்திருக்கிறது.
எழுதுகிறவன் கல்லடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
இருநூற்றுப் பதினாலு பேர்,
ஒருவன் முதுகில் மற்றவன் முகம்.
யாரிலும் பிழையில்லை.

கல்லடியைக் கூப்பிட்டேன். உடனே: இருக்கிறேன்.
திரும்பவும். இருக்கிறேன்.
சின்னக் கோப்பு ஒன்று கேட்டேன், தந்தது.
பெரிதைக் கேட்டேன்.

புதுப் பாலம் வந்தபிறகு பழையதில்
சைக்கிள் போகும், மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள் போகும்,
பஸ் போகாது.
ஆனால் அங்கே பஸ் வந்து நின்றால் ஹோர்னாவது கேட்கும்.
இங்கே நடுவழியில் விழுங்கிவிட்டு
ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிப்றாஸ் பாலமுனையில், நித்திரையில்.
"சுவிட்ச் மாத்தினீங்களா?"
"ஓம் அக்கா, திங்கக்கிழம. மின்னல் அடிச்சிட்டெல்லோ."
"பக்கெட் அளவு?"
கொஞ்ச நேரம் அவனும் பதில் தரவில்லை.
கட்டிலில் இருந்தபடியே உள்ளே வந்து
ஆயிரத்தைந்நூறை ஒன்பதாயிரமாக்கினான்.

சேவையகம் சரி, என்றது திரை. அவ்வளவுதான். மூன்று பத்து.

எல்லோரும் எழும்பினார்கள்.
நான் சுட்டவர்களும் எழும்பினார்கள்.
எழும்பிய கணத்தில், சட்டைப்பையில் கிடந்த கடிதம்போல
என் ஒன்பதைப் பிரித்து வாசித்து
அங்கேயே விழுந்தார்கள்.
பிள்ளையின் படத்தைச் சுமந்தவனும் அதில் ஒருவன்.
பழைய கருவி, கொடுத்தாயிற்று என்று நினைத்துத்
தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டிருந்தது.
சும்மா இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும்.

"அண்ணன், இன்னொருக்கா எடுக்க வேணும்."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஈயக் கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டாவது படம் நாலு செக்கனில் கல்லடிக்குப் போனது.
தொண்டையில் காசில்லை.
கீழே, வயிற்றில், வட்டமாய், வெள்ளையாய்,
நாங்கள் முயன்றுகொண்டிருந்த நேரத்தில்
தன்பாட்டில் இறங்கியிருந்தது.

வாளி விளிம்புவரை வந்திருந்தது.
வெளியே கொண்டுபோய் ஊற்றினேன்.