ஒத்திவைப்பு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
துணி வெட்டும் ஹாலுக்கு மேலே
கண்ணாடி போட்ட அறை.
கீழே இருநூறு மெஷின் ஓடுவது
மேஜைமேல் வைத்த தண்ணீரில் தெரிகிறது.

இது நான்காவது அமர்வு.
விசாரணை அதிகாரி ஹெப்பார், ஓய்வுபெற்ற வக்கீல்,
நல்ல மனிதர்தான்,
கம்பெனி அனுப்பும் காரில் வருகிறார்.
டைப் அடிக்க ஒரு பையன்.
குற்றம் சாட்டப்பட்டவர் அமலோற்பவம்,
வயது நாற்பத்து நான்கு, செக்கர், மூன்றாவது லைன்.
அவள் பக்கம் பேச
சங்கத்தின் துணைச் செயலாளர், நான்.

குற்றம், இருபத்துமூன்று நாள்.
பதிவேட்டின் நகலில்
இருபத்துமூன்று ஆங்கில ஏ, சிவப்பு மையில்.
தள்ளிவைத்துப் பார்த்தால்
மைதானத்தில் அடித்த கூடாரங்கள்.
சங்கம் பதிவான மாதம்தான்
சிவப்பு மையும் வந்தது.
எங்களுக்குப் பின்னால் நாகவேணி, காசநோய்,
ரஹமத்துன்னிசா, குறைப்பிரசவம்.
அவர்களுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

கைருஹாஜர் என்று கன்னடத்தில் டைப் ஆகிறது.
அமலா என் காதருகே தமிழில் கேட்கிறாள்:
நான் இல்லையாமா?
இல்லையாம்.
எங்கே போயிருந்தேனாம்?
அதைத்தான் கேட்கிறார்கள்.

போயிருந்தது ராஜாஜிநகர் இஎஸ்ஐ.
டோக்கன் நூற்றுத் தொண்ணூற்றேழு.
கருப்பையை எடுத்துவிட்டுப்
பதினொரு தையல் போட்டார்கள்.
ஸ்ரீராமபுரத்து வீட்டுக்கு வந்ததும்
கண்ணாடியில் பார்த்தாளாம்:
இடைவெளி ஒன்றுபோல் இல்லை,
முடிவில் நூல் தூக்கி நிற்கிறது,
நம்ம லைனில் வந்திருந்தால்
ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.
சொல்லிவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிடிக்காமல் சிரிக்க முடியாது அப்போது.

சர்டிஃபிகேட்டை மகன் கொண்டுவந்து
கேட்டில் கொடுத்தான்.
வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை.
மூன்று அமர்வாக
அந்தக் கையெழுத்தைத்தான் தேடுகிறோம்.
மனிதவளத்து ஸ்ரீவத்ஸா மென்மையாகக் கேட்பார்:
கொடுத்ததற்கு என்ன ஆதாரம், அம்மா?
முதல் நாள் இன்னொன்றும் கேட்டார், அது டைப் ஆகவில்லை:
ஆபரேஷன்தானா, ஊர்த் திருவிழாவா?
அமலா எழுந்து நின்று
புடவை மடிப்பில் கைவைத்தாள்.
நான்தான் உட்காரச் சொன்னேன்.
அது சரியா தப்பா என்று
இன்றைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

(இங்கே உட்கார்ந்திருப்பதற்கு
எனக்கும் இன்று ஒரு ஏ.
போன மாதத்தோடு சேர்த்து ஆறு.)

இன்று ஸ்ரீவத்ஸாவின் நாற்காலி காலி.
பத்தே முக்கால்.
பதினொன்று.
டீ வந்து ஆடை கட்டியது.
ஹெப்பார் போனைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
டெங்குவாம். நேற்றிரவு சேர்த்திருக்கிறார்களாம்.
பையனிடம் சொன்னார், எழுதிக்கொள்:
நிர்வாகத் தரப்பின் பிரதிநிதி
உடல்நலமின்றி இருப்பதால்
விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது.

நாக்கு நுனிவரை வந்தது எனக்கு.
சர்டிஃபிகேட் எங்கே? யார் வாங்கினார்கள்?
வாங்கியவர் கையெழுத்து?
மேஜைக்கடியில் அமலா என் காலை மிதித்தாள்.
பிறகு அவளே பேசினாள்,
தெருவில் பேசுகிற கன்னடம் இல்லை,
ஸ்கூலில் படித்த கன்னடம்:
சார், அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.
பையன் வாசித்தான்.
இன்னொரு தடவை.
ஹெப்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம்.
நகல் கேட்டோம்.
நகல் வாங்கியதற்கு ஒரு கையெழுத்து.

படியிறங்கும்போது பாதியில் நின்றாள்,
அடிவயிற்றில் கைவைத்து.
பப்பாளி இலைச் சாறு கொடுத்தால்
ரத்த அணு ஏறும் என்பார்கள்,
யாராவது அவர் பெண்டாட்டிக்குச் சொல்லுங்கள், என்றாள்.
தாளை நான்காய் மடித்துப்
பர்சில் இஎஸ்ஐ அட்டைக்குப் பின்னால் வைத்தாள்.
கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார்,
வெளியே போகும் நேரம் எழுத.
எழுதிவிட்டு அமலா சொன்னாள்:
நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா.