ஓட்டுநர் வேறுபாடு

விளம்பரத்தில் இந்த வண்டிக்கு அறுநூறு குதிரைகள்.
நூறைத் தொட நாலு விநாடிகூட வேண்டாம்.
நிற்க எவ்வளவு நேரமாகும் என்று
விற்பனைக் கூடத்தில் ஒருவரும் கேட்பதில்லை.
அதைக் கேட்பதற்குத்தான்
எனக்கும் ரோமானாவுக்கும் சம்பளம்.

அவள் ஓட்டுவாள்.
நான் பக்கத்து இருக்கையில்: மடியில் கணினி,
காலிடுக்கில் வாந்திப் பை.
பதினோரு வருடமாக மலை இறங்கியும்
என் வயிறு இன்னும் சமவெளிக்காரன்தான்.

க்ராஸ்க்ளாக்னர் சாலை, செப்டம்பர் கடைசி,
சுற்றுலாப் பேருந்துகள் எழாத நேரம்.
அடையாளம் தெரியாதிருக்க வண்டி முழுக்கக்
கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டியிருக்கிறார்கள்.
ஒளிந்துகொள்ள இதைவிட மோசமான உடுப்பு கிடையாது.
புல்வெளியில் மர்மோட்டுகள் எழுந்து நின்று
விசிலடித்துக் காட்டிக்கொடுக்கின்றன.

இரண்டரை டன்.
தோல் இருக்கையும் பதினெட்டு ஒலிபெருக்கியும்
முதுகைப் பிசைந்துவிடும் பொறியும்
எல்லாம் ஒன்றுகூடிச் சரிவில் தள்ளுகின்றன.
பிடித்து வைத்திருப்பதோ
நான்கு உள்ளங்கை அகல ரப்பர்.

வளைவில் சாயப் பார்க்கும்.
உள்ளே ஏதோ ஒரு மோட்டார் அதன் தோளைப் பற்றி
நிமிர்ந்து உட்கார் என்று அதட்டும்.
பின்சக்கரமும் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும்,
இவ்வளவு பெரிய உடம்புக்குத்
தனக்கு இடுப்பு உண்டு என்பது
திடீரென நினைவு வந்ததுபோல.

‘நல்ல வண்டி பொய் சொல்லும், மத்தியாஸ்.
எழுபதில் போவதாக நினைப்பாய்.
நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருப்பாய்.
பிரேக்குக்கு மட்டும்தான் பொய் சொல்ல வராது’
என்றாள் ஒருமுறை, ரொட்டி மென்றபடி.

சாலையோரம் பனிக்கம்பங்கள், உச்சியில் சிவப்பு.
வளைவுக்கு முந்தைய கம்பம், தாண்டி அரை மூச்சு,
அங்கேதான் அவள் கால் இறங்கும்.
மூக்கைத் தாழ்த்தி வண்டி முனகும்.
தட்டுகள் ஐந்நூறு டிகிரி, ஐந்நூற்று எண்பது.
முடி கருகும் வாடை.
நாற்பது இறக்கங்களின் வரைபடத்தை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன்:
ஒரே கோடு.

வியாழக்கிழமை, பதினான்காம் வளைவில்,
கோடு விலகியது.
நாலு மீட்டர் முன்னாலேயே கால் இறங்கிவிட்டது.

சாலை காய்ந்திருந்தது. பெடல் கல்லாக இருந்தது.
தட்டுச் சூடு நானூற்றுப் பத்து, அது ஒன்றுமே இல்லை.
அடுத்த வளைவிலும் நாலு மீட்டர்.
மதியம் வரை எல்லா வளைவிலும்
அதே நாலு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
தவறு என்றால் இத்தனை ஒழுங்காக இருக்காது.

ஃபெர்லைட்டனில் வண்டியை நிறுத்தினாள்.
சக்கரங்கள் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தன.
பெல்ட்டை வயிற்றிலிருந்து கீழே இழுத்துவிட்டு
முன்கண்ணாடியையே பார்த்திருந்தாள்.
பிறகு கையை நீட்டினாள்:
‘உன் பையைக் கொடு.’

கொடுத்தேன்.
கதவைத் திறந்துகொண்டு அவசரமாக இறங்கினாள்.
நான் திரையைப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன்.
திரையில் சுழியம், சுழியம், சுழியம்.

மாலை தலைமை அலுவலகத்திலிருந்து வீஸ்மூல்லர்:
‘பெடலில் தளர்ச்சியா?’
இல்லை.
‘டயர்?’
இல்லை.
‘பின்னே அந்த நாலு மீட்டர் யாருக்கு?’

அவர் கேட்க நினைத்தது ‘எதற்கு’ என்றுதான்.
வாய் தவறியிருக்க வேண்டும்.
தொடர்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அறிக்கையில், கடைசிப் பத்தியில் எழுதினேன்:
ஓட்டுநர் வேறுபாடு. வண்டியில் குறையில்லை.

அன்று முழுக்க
எனக்கு ஒருமுறைகூடக் குமட்டவில்லை.
அதை எழுத
படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.