பதினான்காம் புள்ளி

நெஞ்சளவு உயரம் என்றால்
நிலத்திலிருந்து ஒரு மீற்றர் முப்பது.
யாருடைய நெஞ்சு என்று கையேட்டில் இல்லை.
எனக்குத் தோள்மூட்டு,
கோணலிங்கத்துக்கு விலாவின் கீழ்.
நிலாம்தீன் தன் நெஞ்சுக்குச் சரியென்று
ஒரு கம்பை வெட்டிச் சிவப்புப் பூசி வைத்திருக்கிறான்.
காலையிலிருந்து அவன் நெஞ்சைத்தான்
பன்குளத்துத் தேக்குகளில்
சாத்திச் சாத்திப் பார்க்கிறோம்.

சுற்றளவு எண்பத்தெட்டு.
ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் பிரித்தால்
மிச்சமில்லாமல் இருபத்தெட்டு.
இப்படி நாளுக்கு ஒரு மரம் கிடைத்தால் போதும்,
கணக்குக்கும் காட்டுக்கும் பகையில்லை என்று தோன்றும்.
உயரம் பதினேழு.
அடியிலிருந்து நுனிவரை ஒரே உருளை என்று
முதலில் வைத்துக்கொள்கிறோம்.
மரம் அப்படி வளராது என்பது பிறகு ஞாபகம் வந்து
பாதிக்கு மேல் கழிக்கிறோம்.
அரைக் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு.
யானை உரசிப்போன சேற்றைச் சுரண்டிவிட்டுத்தான்
நாடா சுற்றவேண்டும்.
சேறும் விலைபோய்விடும்.

நட்ட ஆண்டு பதிவேட்டில் ஒன்று.
வளையங்களை எண்ணினால் நான்கு குறைவு.
"செத்தது போக மறுக்கா நட்டது" என்றார் கோணலிங்கம்.
எந்த நாலு வருஷம் என்று கேட்பதற்குள்
அடுத்த மரத்துக்குப் போயிருந்தார்.

மண் வேறு மாதிரி.
அதற்கு நுனியில்லை, கோணமானி உதவாது.
இரும்புக் குழாயைச் சுத்தியலால் இறக்கி
பத்து, இருபது, முப்பது சென்டிமீற்றர் என்று
மூன்று பைகளாகப் பிரிக்கவேண்டும்.
மேலே சருகின் கறுப்பு, அடியில் செம்மண்.
ஆழம் போகப்போகக் கரிமம் குறையும்.
பதின்மூன்று துளையிலும் குறைந்தது.

பதினான்காவதில்
மூன்றாவது பை முதலாவதைவிடக் கறுப்பு.
விரலில் தேய்த்தேன், மையாக ஒட்டியது.
குழாய் எதிலோ முட்டி நின்றது. வேர் என்று நினைத்தோம்.
நிலாம்தீன் மண்வெட்டியால் அகலமாக்கினான்.
துருவேறிய கதவுப் பிணைச்சல் ஒன்று.
மூன்று துளை. ஒன்றில் ஆணி இன்னும் இருந்தது,
ஆணியைச் சுற்றி
மயிர்ப்பருமனில் மரம்.

அதற்குச் சுற்றளவு எடுக்க நாடா இல்லை.

"அஞ்சு மீற்றர் தள்ளிப் போடுவமா மிஸ்?
இது முழுத் தோட்டத்துச் சராசரியையும் கெடுத்துப்போடும்."
அவன் சொன்னதில் பிழையில்லை.
ஒரு துளை முப்பது ஹெக்டேயருக்காகப் பேசுகிறது.
ஒரு கதவை முப்பது ஹெக்டேயரால் பெருக்கினால்
எத்தனை ஊர் எரிந்ததாகக் கணக்கு வரும்?
ஆனால் இந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை,
எழுமாறு எண் ஒன்று தேர்ந்தெடுத்தது.
பிடிக்காததை நகர்த்தத் தொடங்கினால்
பிறகு பிடித்ததைத்தான் அளப்போம்.

கோணலிங்கம் பிணைச்சலை மடக்கிப் பார்த்தார்.
மடங்கவில்லை.
"அந்த வளைஞ்ச மரத்தடியில கிணறு கிடக்கு,
பாத்து நடவுங்கோ" என்று மட்டும் சொன்னார்.
சருகு மூடியிருந்தது.
எங்கள் வரைபடத்தில் கிணறு இல்லை.

படிவத்தில் மண்வகை உண்டு, சரிவு உண்டு,
சருகின் தடிப்புக்கும் ஒரு கட்டம் உண்டு.
கரி எதன் கரி என்று கேட்கும் கட்டம் இல்லை.
ஓரத்தில் 'கரித்துண்டு உண்டு' என்று எழுதி
பையைக் கட்டினேன்.

ஆய்வுகூடத்து முறை எளிது.
இருபது கிராம் நிறுத்து
ஐந்நூற்றைம்பது பாகையில் நான்கு மணித்தியாலம் எரித்து
ஆறவிட்டு மறுபடி நிறுக்கவேண்டும்.
எவ்வளவு குறைந்ததோ
அவ்வளவு அங்கே இருந்தது என்று அர்த்தம்.
எரித்துப் பார்த்துத்தான் இருப்பை அறிகிறோம்.
பதினான்கின் மூன்றாவது பை
இரண்டாம் தடவையாக எரிந்தது.
கிண்ணத்தில் மிஞ்சியது ஓட்டு நிறத்தில் ஒரு பொடி,
கறுப்பே இல்லை.

அடுத்த கிழமை
திருகோணமலைக் கந்தோரிலிருந்து தொலைபேசி.
பதினான்காவதில் ஏதோ பிழைபோல் இருக்கிறதாம்,
புள்ளி இடம் மாறிவிட்டதா?

இல்லை, என்றேன்.
புள்ளி அதே இடத்தில்தான் இருக்கிறது.