இடப்பக்க ஸ்டியரிங்

ஞாயிறு, ஐந்தே கால்.
கேப்பர் மலை அடிவாரம்.
மூன்றாம் கியர் வழக்கம்போல் பிகு செய்கிறது.

புதுச்சேரியில் வாங்கிய பழைய ஆல்பைன்,
ஸ்டியரிங் இடப்பக்கம்.
முன்னால் போகும் வண்டியைத் தாண்டி
எதிரே என்ன வருகிறதென்று
வலப்பக்கம் உட்கார்ந்த செலஸ்தீன்தான் சொல்லவேண்டும்.
நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.
காருக்காக மட்டும் வாய் திறக்கிறாள்.

"லாரி."
"கரும்பு டிராக்டர்."
"போ."

எந்தப் 'போ' என்று யோசிக்க நேரமில்லை,
மிதித்தேன்.
செம்மண் சரிவில் பின்சக்கரம்
ஒரு விரற்கடை வழுக்கி
மனசு மாறித் திரும்பியது.
முந்திரித் தோப்பெல்லாம் பெட்ரோல் வாசனை.

முள் எண்பதில் நடுங்குகிறது.
பால்கேன் கட்டிய ஸ்கூட்டி ஒன்று
எங்களைச் சாவகாசமாக முந்திப் போகிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உச்சியில் எஞ்சினை அணைக்கப் போனேன்.
"இரு," என்றாள்,
"அந்த ரெண்டாவது வளைவு
சரியா வரல."