எட்டு மணி ஒரு நிமிடம்

ஒடில் ஷ்மித் கோபமாகப் பேசவில்லை.
ஊழியர் குழுவின் சார்பில் என்று
ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
பதினொன்று நாற்பது. பன்னிரண்டு பத்து.
ஞாயிறு, விடிய ஆறு ஐம்பது.
என் மின்னஞ்சல்கள் புறப்பட்ட நேரங்கள்,
யாரோ ஒரு நோயாளியின் காய்ச்சல் அட்டவணை போல.

"சட்டம் இருக்கிறது, மதாம்."
தெரியும்.
எங்கள் பிரிவுக்கு அந்த ஒப்பந்தத்தை
வாசித்துக் காட்டியதே நான்தான்.
துண்டித்துக்கொள்ளும் உரிமை.
பிரெஞ்சில் அது வடிவான சொல்.
தமிழில் சொன்னால்
காசு கட்டாத வீட்டுக்கு
மின்சார சபை வந்து செய்துவிட்டுப் போவது போலிருக்கிறது.

அதன் பிறகு நான் சட்டத்தை மீறவில்லை.
வழி ஒன்று கண்டுபிடித்தேன்.
எழுதுவது இரவில்தான்.
'பிறகு அனுப்பு' என்பதை அழுத்தி
காலை எட்டு மணி ஒரு நிமிடம் என்று குறித்துவிடுவேன்.
ஆலங்கட்டி மழையில் நொறுங்கிய ஓடுகள்,
ஆகெனோவில் ஒரு பேக்கரியின் கூரை,
மூன்று கார், ஒரு தக்காளிக் கண்ணாடிக் கூடம்,
அதன் சொந்தக்காரர் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம்
எல்லாம் இருட்டில் வரிசையாக நிற்கும்,
ஒரு காலத்தில் வதிவிட அட்டைக்காக
பிரெஃபெக்சர் வாசலில் நாங்கள் நின்றது போல.

இரவு பத்துக்குப் பேராலயத்தின் பெரிய மணி அடிக்கும்.
ஸ்ட்ராஸ்பூர்க் முழுக்கக் கேட்கும்.
போய்ப் படுங்கள் என்று அது சொல்வதாக
எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.
எனக்குத் தொடங்கு என்று கேட்கும்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்.
என்ன அதிசயமோ, ட்ராம் நேரத்துக்கு வந்துவிட்டது.
கந்தோரில் மாயேல் மட்டும் இருந்தாள்,
கோட்டைக் கழற்றாமல், எனக்கு முதுகு காட்டி.
எட்டு.
கணினியில் கை வைக்கவில்லை.
இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைத்திருந்தாள்,
ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளை போல.
எட்டு ஒன்று.
டிங்.
டிங் டிங்.
ஒவ்வொன்றுக்கும் தோள் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது.
பதினேழு.
எண்ணத் தேவையில்லை, அனுப்பியவள் நான்.

திபோ உள்ளே வந்து அவள் பக்கத்தில் கோப்பியை வைத்தான்.
தூண் ஓரம் நான் நிற்பதைக் காணவில்லை.
"இந்த மனுஷி தூங்குவதே இல்லையா?"
மாயேல் சொன்னாள்:
"வீட்டில் யாரும் இல்லைப் போல."

அதில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று ஏழு மணிக்கே கணினியை மூடினேன்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தி வைத்தேன்.
பருப்பு அவிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இரவில் எழுதுகிறவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில்
நான்கு பக்கம் இருக்கிறது.
யாரும் எழுதாத இரவைப் பற்றி
ஒடில் என்ன செய்வாள், பாவம்.
அவள் வேலை எங்களை விட்டுவிடச் சொல்வது.
விட்ட பிறகு எங்கே போவதென்று
அவளிடம் கேட்க முடியாது.

ஒன்பதரைக்கு மறுபடி திறந்தேன்.
அன்புள்ள மாயேல் என்று தொடங்கி நாலு வரி.
எட்டு மணி ஒரு நிமிடம் என்று குறித்தேன்.
விரலை எடுக்கவில்லை.
பதினெட்டாவது டிங்காக அது போய் விழும்.
அழித்தேன்.

இதை வாயால் சொல்ல வேண்டும்.
பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்,
பிரெஞ்சில் இரண்டு தரம், சரியாக வந்தது.
தமிழில் ஒரு தரம்.
தொண்டை கரகரத்தது.
கடைசியாக எப்போது தமிழில் சத்தமாக ஏதாவது சொன்னேன்?
வெள்ளிக்கிழமையா, அதற்கும் முந்தியா?

மணி அடிக்கத் தொடங்கியது.
குழாயை மூடிவிட்டு
அடித்து முடியும்வரை நின்றேன், ஈரக் கையோடு.