பற்று அட்டை

ஹட்டன் வங்கியில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிரோஷினி மிஸ் சொன்னாள்:
"இது கடன் அட்டை இல்லக்கா, பற்று அட்டை.
உங்க கணக்கில கிடக்கிறத மட்டுந்தான் எடுக்கும்."

சிரித்துவிட்டேன்.
ஏழாம் நம்பர் மலை அட்டையும்
என் காலில் கிடப்பதை மட்டுந்தான் எடுக்கிறது.

சவர்க்காரம் தடவினால் விழுமா என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை. டவுன் பிள்ளை.

தீபாவளி அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் காசு,
மழையில் அரைப்பேர் விழுந்த மூன்று நாள்
எல்லாம் முன்னமே குடித்து உருண்டுவிட
மெஷின் துப்பிய சீட்டில்
மீதி: எண்பத்தாறு ரூபாய்.

நூறுக்குக் கீழே தராதாம்.

பாவம், இந்த அட்டைக்கு
வாய் வைக்க இடமில்லை.

பர்சில் போட்டுக்கொண்டு
நடந்தே இறங்கினேன்,
பழக்கத்தில் ஒருதரம் குனிந்து
கணுக்காலைத் தடவிப் பார்த்து.